பன்னிரண்டில் ஒருத்தி

அண்ணனூர்,
12.01.2025

கர்த்தருக்குள் அன்பான மகள் ஹெலினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் எண்ணை மாற்றிவிட்டாய். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் விலகிவிட்டாய். மாப்பிள்ளை லிபினைக் கேட்டால், "லெட்டர் வேணும்னா எழுதுங்க மாமா, வேற எதுவும் வேண்டாம்னு சொல்றா" என்று ஒரு முகவரி அனுப்பினார். அதுவும் உங்கள் வீட்டு முகவரி இல்லை, யாரோ வக்கீலின் அலுவலகமாம். பெற்ற மகளுக்கு வக்கீல் வழியாகக் கடிதம் போடும் நிலைமைக்கு வந்துவிட்டேன். தபால் செலவு விசாரிக்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்த பெண் முகவரியைப் பார்த்துவிட்டு, "கேஸா சார்?" என்று கேட்டாள். ஆமாம் தாயே, கேஸ்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் என்ன குற்றம் செய்தேன் என்று நீயே சொல். உன்னைக் கோர்ட்டில் ஜூரியாக எடுத்திருக்கிறார்கள், வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று நவம்பரில் உன் அம்மாவிடம் சொன்னாய். வழக்கைப் பற்றி நான் யாரிடமாவது வாயைத் திறந்தேனா? ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர காணிக்கை போட்டேன். உறையின் மேல் பெயரும் காரணமும் எழுதினேன். நம் சபையில் யார்தான் எழுதுவதில்லை? பிறந்த நாளுக்கு எழுதுகிறார்கள், கல்யாண நாளுக்கு எழுதுகிறார்கள், மூல ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குக்கூட எழுதுகிறார்கள். செயலாளர் எல்லாவற்றையும் ஆராதனையில் வாசிக்கிறார். உனக்காக நான் எழுதியது இவ்வளவுதான்: "அமெரிக்க தேசத்தில் மில்பர்ன் பட்டண நீதிமன்றத்தில் நியாயம் தீர்க்கும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகத் தேவன் தெரிந்துகொண்ட மகள் ஹெலினா லிபின், இரக்கத்தோடு நியாயம் தீர்க்க."

ஆராதனையை யூடியூபில் காட்டுகிறார்கள் என்பது உண்மைதான். அதை யார் பார்க்கிறார்கள்? முழங்கால் வலியில் கோயிலுக்கு வர முடியாதவர்கள் பார்ப்பார்கள். அது கடல் தாண்டிப் போய் உன் தலையில் விழும் என்று நான் கனவா கண்டேன்?

இங்கேயும் நிம்மதி இல்லை. தமிழ்ப் பெண் ஜூரியில் இருந்தாளாம் என்று டிவியில் விவாதம் வைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டு கஜபதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்கிறான்: "இன்னா அண்ணாத்தே, பர்மிசன் இல்லாம வந்தவன் வண்டிய உட்டு ஒரு பொண்ண சாவடிச்சிகிறான், உம் பொண்ணு அவன உட்டுட்ச்சாமே. நம்ம அம்பத்தூர் எஸ்டேட்ல பாரு, எங்கருந்தோ ரயில் ஏறி வந்துட்டு இன்னா ஆட்டம் ஆடிகினு கீறானுங்கோ. உம் பொண்ணு இங்க ஜட்ஜா இருந்தா அவனுங்களயும் உட்ரும் போலகீதே."

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. நீ வரிசையில் நின்று போனவள். பச்சை அட்டைக்கும் அப்புறம் குடியுரிமைக்கும் எத்தனை வருஷம் காத்திருந்தாய். வெளியே போனால் திரும்ப விடமாட்டார்களோ என்று பயந்து ஊருக்கே வராமல் இருந்தாய். பேரன் ஜெபாவின் ஞானஸ்நானத்தை நாங்கள் போனில்தான் பார்த்தோம். வேலி தாண்டிக் குதித்து வந்தவனுக்கு எதற்கு இந்த இரக்கம்? நான் உறையில் எழுதியது பொதுவான இரக்கம். அவனுக்கு என்று எழுதவில்லை.

அம்மா உன் பழைய எண்ணுக்கு இன்னும் தினமும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பதில் போடு.

உன் அப்பா
வேதமுத்து


மில்பர்ன்,
03.02.2025

அப்பா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். மூல ஆபரேஷன் இருக்கிறது, கஜபதி மாமா இருக்கிறார், தபால் கவுண்டர் பெண் இருக்கிறாள். அது மட்டும் இல்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஊரே கொதித்துக்கொண்டிருந்த வழக்கு இது. அதனால் எங்கள் பெயர்களை வெளியே விடக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். உள்ளே எங்களை எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் ஏழு. தீர்ப்புச் சொன்ன அன்று பின்வாசல் வழியாக எங்களை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். மற்ற பதினோரு பேர் யார் என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. என் பெயர் மட்டும் தெரியும், உங்கள் காணிக்கை உறையால்.

டெக்சாஸில் யாரோ ஒரு தமிழர் அந்த வீடியோவை 'நம்ம சகோதரி' என்று பெருமையாகப் போட்டிருக்கிறார். இன்னொருவர் அதை ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். "சாட்சி விசாரணை முடிவதற்கு முன்பே ஜூரியின் குடும்பம் அவனுக்கு இரக்கம் கேட்டு ஜெபித்தது." அவ்வளவுதான் அப்பா, தீ பற்றிக்கொண்டது. நீதிபதி என்னைக் கூப்பிட்டு வழக்கைப் பற்றி வீட்டில் பேசினாயா என்று விசாரித்தார். இல்லை என்றேன், நம்பினார். ஊர் நம்பவில்லை. என் படம் வந்தது, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பெயர் வந்தது, வீட்டு முகவரி வந்தது. கார் ஷெட் கதவில் பெயின்ட்டால் 'வந்த ஊருக்கே போ' என்று எழுதிவிட்டுப் போனார்கள். லிபின் அதன் மேல் வெள்ளை அடித்தார். வெயில் பட்டால் அடியில் எழுத்து தெரிகிறது. ஆஸ்பத்திரியில் 'உன் பாதுகாப்புக்காக' என்று சொல்லி என்னை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள்.

வழக்கு இதுதான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. எல்லை தாண்டி வந்தவன், லைசென்ஸ் கிடையாது, பால் பண்ணையில் வேலை. விடியற்காலைப் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டிப் போகும்போது, சாலையோரம் ஓடிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் மேல் இடித்துவிட்டான். அவள் போய்விட்டாள். அவன் ஓடிப்போகவில்லை. அவனே போன் செய்து, போலீஸ் வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: உயிர் போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அலட்சியமாக ஓட்டினானா? இல்லை என்று பன்னிரண்டு பேரும் சொன்னோம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு மட்டும் குற்றவாளி என்றோம். அந்தத் தண்டனையை அவன் ஏற்கெனவே சிறையில் இருந்தே கழித்திருந்தான். கோர்ட் வாசலிலேயே குடியேற்றத் துறை ஆட்கள் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் கொடுத்த விடுதலை அந்த வாசல் வரைக்கும்தான்.

அந்தப் பெண்ணின் அம்மா தினமும் கோர்ட்டுக்கு ஒரே பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதையும் நான் மறக்கவில்லை. இதெல்லாம் கஜபதி மாமாவிடம் துணி காயும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

ஹெலினா


அண்ணனூர்,
20.02.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் பெயின்ட் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படித்துக் காட்டினேன். "எதையோ முழுங்கினீங்க" என்று கண்டுபிடித்துவிட்டாள். பிறகு அதையும் படித்தேன். படுத்துவிட்டாள். பிரஷர் மாத்திரை போட்டு இப்போது பரவாயில்லை.

நேராகப் போதகர் ஐயர் வீட்டுக்குப் போய் அந்த வீடியோவை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன பயன், அது எங்கெங்கோ போய்விட்டது என்றும் அவர்களே சொன்னார்கள். அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை, உனக்குத் தெரியும். பாக்டரியில் முப்பத்தைந்து வருஷம் சூபர்வைசர்களிடமே கேட்டதில்லை. மனதுக்குள் இருக்கிறது, அதை வைத்துக்கொள்.

போன வாரம் கண் டாக்டரைப் பார்க்கப் பெரம்பூருக்குக் கிளம்பினேன். ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "இவளே பொழைக்கப் போனவ, இன்னொரு பொழைக்க வந்தவனுக்குத்தான சப்போட்டு பண்ணுவா, இதுல இன்னாத்துக்கு கோர்ட்டு" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான். அவள் என் மகள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அம்பத்தூரிலேயே இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, டாக்டரிடம் போகாமலே திரும்பினேன்.

அரவிந்தன் என்று ஒரு டிவி நிருபர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தான். கேட்டைத் திறக்கவில்லை. மரியாதையான பையன்தான், வெளியே நின்றபடியே "உங்க பொண்ணு பக்கத்த சொல்லுங்க ஐயா, யாருமே சொல்லமாட்டேங்குறாங்க" என்றான்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். உன் பக்கம் எது? பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம் என்று எழுதியிருக்கிறாய். ஒரே வீட்டில் நாலு பேர் ஒரு குழம்புக்கு ஒத்துப்போவதில்லை. உள்ளே நீ என்ன சொன்னாய்? உன் அப்பாவிடமாவது சொல்.

வேதமுத்து


மில்பர்ன்,
09.03.2025

அப்பா,

சொல்கிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் 'இன்னொரு பொழைக்க வந்தவனுக்கு சப்போட்டு' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. உங்கள் மகள் அவனுக்கு சப்போட்டு பண்ணவில்லை அப்பா. கடைசிவரை குற்றவாளி, குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்தவளே நான்தான்.

முதலில் நாலு பேர் அப்படிச் சொன்னோம். பிறகு மூன்று பேர் மாறிவிட்டார்கள். நான் மட்டும் அசையவில்லை. எதிரே மார்லீன் என்று ஒருத்தி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவள் ஆரம்பத்திலிருந்தே அவன் பக்கம் பேசினாள், சத்தமாகப் பேசினாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. இந்த ஊரிலேயே பிறந்தவள், வரிசை என்றால் என்னவென்று இவளுக்குத் தெரியுமா என்று உள்ளே எரிந்தது. ஒவ்வொரு தரம் விசா புதுப்பிக்கும்போதும் நான் தூங்காமல் கிடந்தது, உங்களைப் பார்க்க வராமல் இருந்தது, பயத்திலேயே சிரித்துப் பழகியது எல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. இவன் பாட்டுக்கு நடந்தே வந்துவிட்டானே.

ஜூரித் தலைவர் ஒவ்வொருவரும் தன் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. வேகத்தைப் பற்றியோ பனிமூட்டத்தைப் பற்றியோ ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அவன் இங்கே இருந்திருக்கவே கூடாது" என்றேன். "நம்மிடம் கேட்ட கேள்வி அது இல்லையே" என்று தலைவர் மெதுவாகத்தான் சொன்னார். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். நான் பேசியது அப்படியே கஜபதி மாமாவின் பேச்சு என்று தோன்றியது. வேலை தேடித் தெற்கே நாசரேத்திலிருந்து ஆவடிக்கு வந்த உங்களையும் அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லியிருப்பார். திரும்பி வந்து கேள்வியை முதலிலிருந்து படித்தேன். கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் 'இல்லை' என்றுதான் இருந்தது. கையைத் தூக்கினேன். யாரும் தூக்கிவிடவில்லை, நானேதான் தூக்கினேன்.

இதை வெளியே சொன்னால் என் வாசலில் நின்று கத்துகிற கூட்டம் இன்றைக்கே கலைந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? லிபின் தினமும் இதைத்தான் சொல்கிறார். ஆனால் அப்புறம் என்ன கேட்பார்கள்? இவள் இல்லையென்றால் வேறு யார் என்று கேட்பார்கள். தேடுவார்கள். இன்னொன்று, அது பாதி உண்மை. பாதியைச் சொல்லித் தப்பித்தால் மீதியை வாபஸ் வாங்கியதாக ஆகிவிடும்.

அப்பா, இது உங்களோடு இருக்கட்டும். அம்மாவிடமும் வேண்டாம். ஜெபத்தில்கூட சத்தமாகச் சொல்லாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹெலினா


அண்ணனூர்,
30.03.2025

மகளே,

சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை. நீ இதைப் படிப்பதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் வாயால் நான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் லிபின் போன் பண்ணினார். உனக்குத் தெரியாமல் பண்ணுவதாகச் சொன்னார். ஜெபா முன் அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகக் கல் வந்து விழுந்ததாம். பிள்ளையின் தலைமுடியிலிருந்து கண்ணாடித் தூளை நீ ஒவ்வொன்றாக எடுத்தாயாம். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொன்னாயாம். மாப்பிள்ளை அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை. போனை ஜெபாவிடம் கொடுத்தார். "தாத்தா, நான் நல்லா இருக்கேன், சோபாலதான் நிறைய விழுந்துச்சு" என்றான்.

அன்று சாயங்காலம் அந்த அரவிந்தன் மறுபடியும் வந்தான். கேட்டைத் திறந்தேன். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். மைக்கை நீட்டினான். என் மகள்தான் கடைசிவரை அவனைக் குற்றவாளி என்று சொன்னவள், மற்றவர்கள் கட்டாயப்படுத்தித்தான் ஒத்துக்கொண்டாள், பஸ் ஓட்டுகிற ஒரு பெண்தான் எல்லாரையும் மாற்றினாள் என்று சொன்னேன். கட்டாயப்படுத்தினார்கள் என்று நீ எழுதவில்லைதான். அது நான் சேர்த்தது. சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் தலையில் கண்ணாடி இருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது.

உன் அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "அவ நம்பி எழுதனத எடுத்து டீவில குடுத்துட்டீங்களே, நல்லா கீதா இது?" என்று கேட்டவள், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. குமணன்சாவடியில் அவள் தம்பி ரவிச்சந்திரன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீ என்னைத் தலைமுழுகினாலும் சரி. இதே நிலைமை வந்தால் மறுபடியும் சொல்வேன். நான் ஜூரி இல்லை, அப்பா.

ஒன்று மட்டும் சரியில்லை. டிவியில் வந்த மறுநாள் கஜபதி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சூப்பரு அண்ணாத்தே, நம்ம பொண்ணு நம்ம பொண்ணுதான்" என்றான். அவன் போனதும் குழாயடிக்குப் போய் அந்தக் கையைக் கழுவினேன்.

வேதமுத்து


மில்பர்ன்,
27.04.2025

அப்பா,

நீங்கள் நினைத்தபடியே நடந்தது. உங்கள் பேட்டி இங்கே வர ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாளே வாசலில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வேலைக்கு வருகிறாய் என்று கேட்டார்கள். எங்களைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் ஆப்பிள் பை என்று ஒரு பலகாரம் செய்து எடுத்துவந்தாள். "நீ நல்லவர்களில் ஒருத்தி என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று" என்றாள். ஜெபா ஆசையாகச் சாப்பிட்டான். என் பங்கை நான் மூடி வைத்துவிட்டேன். லிபின் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் தூங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பஸ் ஓட்டும் பெண் என்றீர்களே அப்பா. இந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தீர்கள்? விசாரணை நடந்த நாட்களில் யார் பஸ் எடுக்கவில்லை என்று பெற்றோர்களே கணக்குப் போட்டு மார்லீனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றவில்லை. காலி பஸ்ஸை இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடமே அவளை வர வேண்டாம் என்றது. கார் கண்ணாடியை உடைத்தார்கள். இறந்த பெண்ணும் சின்ன வயதில் மார்லீன் ஓட்டிய பஸ்ஸில்தான் போவாளாம். அதைச் சொல்லிச் சொல்லியே ஏசினார்கள்.

அவள் வீட்டுக்குப் போனேன். சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள். "நீ போ. உன்னிடம் இனி யாரும் வரமாட்டார்கள்" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. கதவு மூடிக்கொண்டது. நான் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தமிழில்தான் திட்டினேன், அது மட்டும் நன்றாக வருகிறது.

போன வியாழக்கிழமை தீர்ப்பைக் கண்டித்து ஊர்க்கூட்டம் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். எழுந்தேன். நான்தான் ஏழாம் எண் என்றேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே கையைத் தூக்கினேன், அவன் மேல் சொன்ன குற்றத்தை அவன் செய்யவில்லை, நாளைக்குக் கேட்டாலும் இதையே சொல்வேன் என்றேன். அந்தப் பெண்ணின் அம்மா முன்வரிசையில் இருந்தாள். பச்சை ஸ்வெட்டர் போடவில்லை. உங்கள் மகளுக்கு நடந்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை அம்மா என்று அவளிடமும் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அப்புறம் கூச்சல். எதிர்வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்ப எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வேலை மறுபடியும் போனது. லிபின் ஜெபாவைக் கூட்டிக்கொண்டு நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். "உனக்கு உன் மனசாட்சி முக்கியம், எனக்கு என் பிள்ளை" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. திரும்பி வருவாரா என்று தெரியவில்லை. வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன், முன் அறையில் உட்காருவதில்லை.

அப்பா, நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள். அதற்காக இன்னொருத்தியைத் தூக்கிக் கொடுத்தீர்கள். தெரிந்து செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தயவுசெய்து இனிமேல் என்னைக் காப்பாற்றாதீர்கள். கொஞ்ச காலம் எழுதவும் வேண்டாம்.

ஹெலினா


அண்ணனூர்,
18.08.2025

அன்பு மகள் ஹெலினாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இத்தனை மாதம் எழுதவில்லை. அம்மா குமணன்சாவடியிலிருந்து வந்துவிட்டாள். அவள்தான் இப்போது எழுதச் சொன்னாள்.

லிபினும் ஜெபாவும் இன்னும் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து, உன்னிடம் போய் இருக்க வேண்டும் என்று உன் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அழைப்புக் கடிதம்கூட உன்னிடம் கேட்க வேண்டாம், நாமாகவே போவோம் என்றாள். ஆளைப் பிடித்து விசாவுக்கு எழுதிப்போட்டோம். போன வாரம் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். அம்மா உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். நான் பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திரம், வரி ரசீது, சபையில் கொடுத்த நற்சான்று எல்லாவற்றையும் பைலில் போட்டு எடுத்துப் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன் இருந்தான். பக்கத்தில் நம் ஊர்ப் பெண் தமிழில் எடுத்துச் சொன்னாள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றான். மகளை என்றேன். என்ன வேலை செய்கிறாள் என்றான். நர்ஸ், இப்போது வேலை இல்லை என்றேன். எப்போது திரும்புவீர்கள் என்றான். ஆறு மாதம் என்று சொல்லுங்கள் என ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எனக்கு அது வாயில் வரவில்லை. "அவளுக்கு நாங்க தேவைப்படுற வரைக்கும் இருப்போம்" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். அவன் பைலைத் திறக்கக்கூட இல்லை. ஒரு தாளை நீட்டினான். நான் போனால் திரும்பி வரமாட்டேனாம். மகளைப் பார்க்கத்தான் கேட்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் முகத்தில் அவன் எதைப் பார்த்தான் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது உன் அம்மா கேட்டாள்: "நாம இன்னா தப்பு பண்ணோம்?" ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "ஒண்ணும் பண்ணாமலேவா தீர்ப்பு சொல்லிட்டான்?" என்றாள். வெயிலில் அப்படியே நின்றோம். ஆட்டோக்காரன் ஒருவன், "இன்னா பெர்சு, ரிஜெட்டா? வா, ஏறு" என்றான். அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவன் நிறையப் பேரை ஏற்றியிருப்பான் போல.

அம்மாவிடம் வீடு வரும்வரை பேசவில்லை. வாயைத் திறந்தால் கேடு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒருமுறை பெருமையில் திறந்தேன், ஒருமுறை பயத்தில் திறந்தேன். உன்னைக் கெடுத்தேன், முகம் தெரியாத அந்த பஸ்காரப் பெண்ணையும் கெடுத்தேன். என்னை மன்னித்துவிடு மகளே. முடிந்தால் அவளிடமும் சொல். கதவைத் திறக்காவிட்டால் வெளியே நின்றே சொல்.

ஊர்க்கூட்டத்தில் நீ எழுந்து நின்றதை லிபின்தான் போனில் காட்டினார். அவர் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார், அது உனக்குத் தெரிய வேண்டும். சத்தம் சரியாகக் கேட்கவில்லை. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நாங்கள் அங்கே இருந்திருந்தால் உன் பக்கத்தில் நின்றிருப்போம். அந்த நேரத்தில் கஜபதி போனை எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தான். "போடா, போய் வேலையப் பாரு" என்றாள் உன் அம்மா.

ஒன்று கேட்க வேண்டும். நகல் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்த்தேன், உனக்கு எழுதிய கடிதங்களில் அவனை வந்தவன், குதித்தவன், அவன் என்றுதான் எழுதியிருக்கிறேன். நீயும் எழுதவில்லை. அவனை எந்த நாட்டில் கொண்டுபோய் விட்டார்களோ, அங்கே அவனுக்கு ஓர் அப்பா இருப்பார். பிறந்தபோது ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

அவன் பெயர் என்ன, மகளே? எனக்கு எழுது. யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன் அப்பா